மந்திரம் தாவிய தகடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே வரிசை நெடுஞ்சாலையைத் தொட்டுவிட்டது. வரிசையில் நின்றவை வண்டிகள். லாரி, வேன், டெம்போ, இடுப்பு ஒடிந்த ஒரு ஜீப். எல்லாமே கிழடு. எல்லாவற்றுக்கும் ஒரே நோய், துரு. எல்லாருக்கும் ஒரே வைத்தியர், துருவானந்தர்.

மூன்று வருடத்துக்கு முன்பு அவர் பழைய வண்டித் தரகர். அப்போது வண்டி விற்கவில்லை. நம்பிக்கை விற்கும் என்று கண்டுபிடித்த நாளில் தாடி வளர்த்தார், சாம்பல் நிற அங்கி போட்டார், பழைய வண்டிகளை நிறுத்திய யார்டின் வாசலில் ஒரு பலகை மாட்டினார்: "இரும்பின் கண்ணீர் துடைக்கப்படும்."

அவருடைய தத்துவம் சின்னது. "துரு இரும்போட நோய் இல்லப்பா. அடுத்தவன் வயித்தெரிச்சல். அது காத்துல கலந்து, ஈரத்துல ஊறி, இரும்புல எறங்குது."

காற்று சரி, ஈரமும் சரி. மூன்றில் இரண்டு உண்மை இருந்தால் போதாதா? மூன்றாவதைக் கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியது.

சிகிச்சை திரைக்குப் பின்னால் மூன்று மணி நேரம் நடக்கும். உள்ளே துருவேறிப் போன அடிச்சட்டம், வெளியே வரும்போது வெள்ளிக் காசாக மின்னும். பிறகு ஒரே ஒரு பத்தியம். ஒரு வருடத்துக்கு யாரும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் மந்திரக் கட்டு அவிழ்ந்துவிடும். நல்ல பத்தியம். வைத்தியருக்கு மிகவும் நல்லது.

சந்தேகப் பேர்வழிகளுக்கென்று ஒரு கண்ணாடித் தொட்டியும் இருந்தது. அதில் உப்புத் தண்ணீர், இரண்டு இரும்புத் தகடுகள். இரண்டும் சாம்பல் நிறம். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஞாயிறுதோறும் வலது தகட்டின் மேல் கை வைத்து மந்திரம் சொல்வார். அடுத்த ஞாயிறு பார்த்தால் இடது தகடு செங்கல்லாகச் சிவந்திருக்கும். வலதில் துருவின் வாசனைகூட இருக்காது. லேசாக வெள்ளை பூத்திருக்கும். அதற்கும் 'அருள் வெண்மை' என்று பெயர் வைத்தாயிற்று.

இந்த வரிசையில்தான் நம் வேன்காரரும் ஒருநாள் நின்றார்.

அவர் வண்டிக்கு இருபத்திரண்டு வயது. முன்பு மீன் ஏற்றிய வண்டி. பனிக்கட்டி உருகி உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி அடிச்சட்டத்தை அரித்திருந்தது. இப்போது அதில் காலையும் மாலையும் பதினான்கு பெண்கள் தையல் ஆலைக்குப் போய் வந்தார்கள். கடைசி இருக்கையில், சரியாகப் பின் சக்கரத்துக்கு மேலே உட்காருபவர் அவருடைய மனைவி.

மனைவியின் அக்காவுக்குத் 'தொட்டிக்காரி' என்று பெயர். துரு பிடிக்காமலிருக்க இரும்பைத் துத்தநாகத்தில் முக்கும் பட்டறையில் அவர் பதினோரு வருடமாக வேலை செய்கிறார். அமிலத்தில் கழுவின இரும்பைக் கொக்கியில் மாட்டி, உருகிய துத்தநாகத் தொட்டியில் இறக்கி எடுப்பதுதான் அவர் தொழில். ஒருநாள் தங்கை வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வேனுக்கு அடியில் குனிந்தார்.

"தம்பி, பின் ஸ்பிரிங் மாட்டுற எடம் அப்பளமா இருக்கு. உடனே கழட்டிப் பாரு. ஆள் ஏத்துற வண்டி."

உடனே பார்க்கலாம். ஆனால் வேலை பெரிது, வண்டி ஒரு மாதம் நிற்கும். மந்திரத்துக்கோ மூன்று மணி நேரம். வேன்காரர் துருவானந்தரிடம் போனார்.

வரிசையில் நின்றபோது அவருடைய உதவியாளர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து கனிவாக விசாரித்தார். "என்ன வண்டிங்க? யாரு துருன்னு சொன்னது?" வேன்காரர் ஒன்றுவிடாமல் சொன்னார். அரை மணி நேரம் கழித்துத் துருவானந்தர் வேனைத் தொட்டார். கண்ணை மூடினார். உடம்பு சிலிர்த்தது.

"ஒரு பொம்பளை. உனக்கு நெருங்கின சொந்தம். வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்திருக்கா."

வேன்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஐயாவுக்குத்தான் எப்பேர்ப்பட்ட ஞானதிருஷ்டி! அந்த ஞானதிருஷ்டி நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அவ கண்ணுதான் துரு. அவளை வாசப்படி ஏத்தாத."

அன்று சாயங்காலம் தொட்டிக்காரி வந்தபோது வேன்காரர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"அண்ணி, கொஞ்ச நாளைக்கு வராதீங்க."

"ஏன் தம்பி?"

"உங்க கண்ணு பட்டுத்தான் வண்டி இப்படி ஆச்சுன்னு ஐயா சொல்லிட்டார்."

தொட்டிக்காரி பாதி திறந்த கதவில் கை வைத்தார். பிறகு கேட்டார்: "காய்ச்சல்னு சொன்ன டாக்டராலதான் காய்ச்சல் வந்துச்சா?"

கதவு மூடிக்கொண்டது. உள்ளே தங்கை அழும் சத்தம் கேட்டது. மறுநாள் ஆலையின் சாப்பாட்டு இடைவேளையில் அவள் போன் செய்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காத. வண்டி இப்ப பளபளன்னு இருக்கு. பளபளன்னு இருக்கும்போது என்னத்தச் சொல்லி அவர்கிட்ட வாதாடறது?"

"நீ எங்க உக்காருற?"

"கடைசி சீட்டுலதான்."

"முன்னாடி போய் உக்காரு. எனக்காக."

அந்த ஞாயிறு தொட்டிக்காரி விடுப்பு எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனார். சண்டை போடப் போகவில்லை. தகடு பார்க்கப் போனார். கூட்டத்தில் முண்டியடித்துத் தொட்டிக்கு அருகில் நின்றார். புதுத் தகடுகள் இரண்டையும் தண்ணீரில் விட்டிருந்தார்கள். வலது தகட்டில், சாய்ந்த வெயிலில், மங்கலாகப் பூப்பூவாக ஒரு கோலம் தெரிந்தது. பதினோரு வருடமாகத் தினமும் பார்க்கிற கோலம் அது. அவருக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டார்.

"ஐயா, உங்க மந்திரம் எந்த இரும்புக்கும் பலிக்குமா?"

"இரும்புன்னு பேரு இருந்தாப் போதும்மா!" என்றார் துருவானந்தர், கூட்டத்தைப் பார்த்து.

"அப்போ இன்னிக்கு இடது தகட்டுக்குப் போடுங்க."

துருவானந்தர் தாடியைத் தடவினார். உதவியாளர் நோட்டைத் தவறவிட்டார்.

"வலதுதாம்மா... சம்பிரதாயம்."

அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டிய கூட்டமே அவரை மாட்டிவிட்டது. "போடுங்க ஐயா! அந்தம்மா மூக்கை உடைங்க!" என்று முன்வரிசையில் ஒரு லாரிக்காரர் கத்தினார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய பக்தி. எல்லாரும் கூடவே கத்தினார்கள். பக்தர்கள் பிடிவாதம் பிடித்தால் கடவுளே தப்ப முடியாது, தரகர் எம்மாத்திரம்? இடது தகட்டுக்கு மந்திரம் போட்டார்.

தொட்டிக்காரி இரண்டு தகட்டிலும் ஆணியால் அடையாளம் கீறினார். தொட்டியை எதிரே இருந்த எடைமேடை அறையில் வைத்துப் பூட்டினார்கள். சாவியை மீசைக்காரரிடமே கொடுக்கச் சொன்னார் தொட்டிக்காரி. "நம்பாதவ கையில இருந்தா நான் தகட்ட மாத்திட்டேன்னு சொல்லுவீங்க."

ஏழு நாள் போனது. ஏழு நாளும் வேன் பதினான்கு பேரோடு ஓடியது. கடைசி இருக்கையிலேயே இருந்த தங்கை ஒவ்வொரு பள்ளத்திலும் முன்னால் இருந்த இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு யார்டில் ஊசி போட இடமில்லை. வேன்காரர் மனைவியோடு வேனிலேயே வந்திருந்தார், அண்ணியின் மூக்கு உடைவதைப் பார்க்க. மீசைக்காரர் பூட்டைத் திறந்து தகடுகளைத் தூக்கிக் காட்டினார்.

மந்திரம் போட்ட தகடு செக்கச்செவேலென்று துருவேறியிருந்தது. மந்திரம் போடாத தகடு சௌக்கியமாக இருந்தது.

ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அத்தனை பேரும் யோசித்துவிடுவார்களோ என்ற ஆபத்து அங்கே நிலவியது. துருவானந்தர் இரண்டு கையையும் தூக்கினார்.

"பாத்தீங்களா மந்திரத்தோட வேகத்த! இடது தகட்டுல போட்டது வலது தகட்டுக்குத் தாவிடுச்சு!"

கூட்டம் கைதட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், கைதட்டியது.

தொட்டிக்காரி தலையில் கைவைத்துக்கொண்டார். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வேன்காரர்.

"ஐயா, ஒரு சந்தேகம். மந்திரம் தாவும்னா, என் வண்டிக்குப் போட்டது இப்ப எந்த வண்டியில இருக்கு?"

கைதட்டல் நின்றது.

"அது... உன் வண்டி வேற..."

"அன்னிக்கு என் வண்டிக்குப் பக்கத்துல ஒரு டெம்போ நின்னுச்சு ஐயா. அதுக்குத் தாவியிருந்தா? என் பொண்டாட்டி அந்த வண்டியிலதான் போறா."

"குனிஞ்சு பாத்தா கட்டு அவுந்துரும்!" என்று அலறினார் துருவானந்தர்.

வேன்காரர் கேட்கவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் படுத்துத் தவழ்ந்தார். முன்பக்கம் தட்டினார். டங். நடுவில் தட்டினார். டங். பின் சக்கரத்தருகே தட்டினார்.

பொத்.

இன்னொரு தட்டு. சுத்தியல் உள்ளே போய்விட்டது. ஓட்டையை அடைத்துப் பூசியிருந்த பட்டி உதிர்ந்தது. அதோடு வெள்ளிப் பெயின்ட் தோலாக உரிந்து அவர் முகத்தில் விழுந்தது. ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் ஒரு முஷ்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. அவர் வெளியே வரவில்லை. சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே படுத்திருந்தார். மனைவி குனிந்து பார்த்தாள். அவள் உட்காரும் இருக்கையின் அடிப்பலகை அந்த ஓட்டை வழியாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு யார்டு முழுக்கச் சுத்தியல் சத்தம்தான். டங், பொத், டங், பொத். பொத்துதான் அதிகம்.

துருவானந்தர் மெல்லத் தன் ஜீப்பை நோக்கி நகர்ந்தார். மீசைக்காரர் மறித்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் எட்டிப் பார்த்தார். "இதுல ஓட்டையே இல்லையே! பூப்பூவா மின்னுதே!"

"மின்னாம? போன வருஷம் எங்க பட்டறையில முக்கினது. கொக்கி மாட்டினவளே நான்தான்," என்றார் தொட்டிக்காரி. "அந்த வலது தகடும் அதே குடும்பம். துத்தநாகம் ஏத்தினது. ஏன் ஐயா, உங்க ஜீப்புக்கு மட்டும் மந்திரம் ஏறாதா?"

உதவியாளர் நோட்டைக் கீழே போட்டுவிட்டுச் சுவர் ஏறிக் குதித்தார். துருவானந்தருக்கு அங்கி தடுக்கியது. திரையைக் கிழித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தவை மூன்று டப்பா பட்டி, ஒரு பீப்பாய் வெள்ளிப் பெயின்ட், ஒரு மின்விசிறி. அந்த மூன்று மணி நேரம் பெயின்ட் காய்வதற்கு.

வேன்காரர் பதினான்கு பெண்களிடமும் தானே போய், "வண்டி சரியில்ல, ஒரு மாசம் ஓட்ட மாட்டேன்" என்று சொன்னார். பிறகு அண்ணி வீட்டு வாசலில் போய் நின்றார். அந்தக் கதவு முழுதாகத் திறந்தது.

"அண்ணி, எந்த முகத்த வச்சுக்கிட்டு..."

"முகத்த அப்புறம் பாத்துக்கலாம். செத்துப்போன இரும்ப வெட்டிட்டுப் புதுசு வச்சு வெல்ட் பண்ணு. உள்ள வெத்தா இருக்குற பெட்டிச் சட்டத்துல காத்து போக ஓட்டை போடு. மூடியிருந்தா தொட்டியில எறக்கும்போது வெடிச்சு என் மூஞ்சியில அடிக்கும்."

"வெறும் பெயின்ட் போதாதா?"

"போதும். கம்பி பிரஷ் போட்டு அடி இரும்பு தெரியிற வரைக்கும் சுரண்டி, பிரைமர் அடிச்சு, அப்புறம் பெயின்ட் அடிச்சா. வருஷாவருஷம் அடியில பாத்துக்கணும். துரு மேலயே அடிக்கிறது புண்ணுக்குப் பவுடர் போடுற மாதிரி. உன் வண்டி மீன் வண்டி, உப்பு ஊறினது. முக்கிடலாம். அதுவும் காலத்துக்கும் நிக்காது தம்பி, தேயும். தேயறது கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான்."

உள்ளேயிருந்து தங்கை, "அக்கா, சாப்பாடு ஆறுது, அவர வெளியவே நிக்க வைக்காத" என்றாள். அவள் கணவனுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தாள்.

வேன் இப்போது ஓடுகிறது. யார்டு பூட்டிக் கிடக்கிறது. ஆனால் எதிர்ச்சாரியில் ஒரு புதுப் பலகை தொங்குகிறது: "பிரேக் பிடிக்காத வண்டிகளுக்கு அருள்வாக்கு." வரிசை இன்று காலை எடைமேடையைத் தாண்டிவிட்டது. மூன்றாவதாக நம் மீசைக்காரர் பயபக்தியோடு நிற்கிறார். ஒவ்வொருவராக உள்ளே போய்ப் புது மகானின் காலில் விழுந்து எழுகிறார்கள்.

ஐயா, அம்மா, எப்படியும் குனியத்தான் போகிறீர்கள். அடுத்தவன் காலடியில் குனிகிற அதே முதுகை உங்கள் வண்டிக்கு அடியில் குனிய வைத்தால் என்ன?