அந்தோணியாரைத் தொட்ட கர்ச்சீப்பு

சளி பிடித்து மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்போதும், கர்ச்சீப்பைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துவிட்டுச் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் போடிக்காரர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருடைய லைசென்சில் மட்டும் இருந்தது. ஜீப்பில் மலை ஏறும் எங்களுக்கெல்லாம் அவர் கர்ச்சீப்பு அண்ணன்.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் எனக்கு வேலை. காய் பறிக்கப் போகிற பெண்களோடு என்னையும் காலையில் லோடு ஏற்றிக்கொண்டு போவார். வண்டிக்குள் எத்தனை பேர் என்று எந்தப் போலீஸ்காரரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணியிருந்தால் பயத்தில் லீவு போட்டிருப்பார். மலையில் பிரேக் கிறீச்சிடும்போது அவரவர் தங்கள் குலசாமியைக் கூப்பிடுவார்கள். அண்ணன் மட்டும் சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவார்.

"சத்தம் போடாதீங்க ஆத்தா. ஆளு இங்க இருக்காரு."

அந்த ஆள் அந்தோணியார். சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் ஊர் மாதா கோயிலுக்கு அவருடைய அருளிக்கம் வந்தது. அருளிக்கம் என்றால் புனிதரின் எலும்பில் ஒரு துணுக்கு. தங்கமுலாம் பூசிய தண்டின் உச்சியில், சின்னக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். சனங்கள் வரிசையாக வந்து கண்ணாடிக்கு முத்தம் கொடுப்பார்கள். உபதேசியார் பஞ்சால் துடைப்பார். அடுத்த ஆள். ஜெபமாலை, குழந்தையின் சட்டை, நோயாளியின் துண்டு என்று கொண்டுவந்ததை அதில் தொட்டு எடுத்துப் போவார்கள். தொட்ட துணியோடு புனிதரின் ஆசியும் வீட்டுக்கு வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. நாங்கள் முருகனுக்கு மொட்டை போடுகிற குடும்பம். நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

வேடிக்கைக்குக் குறைவில்லை. அண்ணன் முதல் தடவை தன் நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப்பைத் தொட்டு எடுத்தார். திரும்பவும் வரிசையின் கடைசியில் போய் நின்று ஜீப்புச் சாவியைத் தொட்டார். அப்புறம் கியர்த் தண்டின் குமிழைக் கழற்றிக்கொண்டு வந்தார். கடைசியாக, முழங்கால் போட்டிருந்த கூட்டத்துக்கு நடுவே ஸ்டெப்னி டயரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஏம்ப்பா, இது கோயிலா, பஞ்சர் கடையா?" என்றார் ஃபாதர்.

"மத்த நாலும் வண்டியில மாட்டியிருக்கு ஃபாதர். இவன் மட்டுந்தான் சோலி இல்லாம கெடந்தான்."

ஃபாதர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு டயரையும் தொட வைத்தார். அண்ணனின் மனைவி மரியபுஷ்பம் அக்கா முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, "இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார். அக்கா போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிறவர். சொத்தைக் காயைப் பொறுக்குவது மாதிரிதான் புருஷன் பேச்சையும் பொறுக்கிப் பொறுக்கி வெளியே போடுவார்.

அதற்குப் பிறகு கர்ச்சீப்பு ஊர் சுற்ற ஆரம்பித்தது. பரீட்சை, பிரசவம், கோர்ட்டு வாய்தா என்று யார் கேட்டாலும் அண்ணன் கொடுத்துவிடுவார். சாதி, மதம் எதுவும் பார்ப்பதில்லை. நிபந்தனை ஒன்றே ஒன்று.

"ஒங்க சோலி முடிஞ்சதும் திருப்பிக் கொண்டாங்க. நானா வந்து கேக்க மாட்டேன். சாமி காரியத்துல குடுத்ததக் கேட்டு வாங்குனா நல்லாவா இருக்கும்?"

தேவாரம் ஊர்க்காரர் ஒருவர், வாழைத் தோட்டத்தில் யானை இறங்குகிறது என்று அதை வாங்கிப் போய் வேலிக் கம்பில் கட்டி வைத்தார். யானை வந்தது. வாழையை வேரோடு தின்றுவிட்டு நிதானமாகத் திரும்பிப் போனது. கர்ச்சீப்பைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணனோ துணியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"பாத்தீங்களா! இத மட்டும் தொடல!"

"வாழைய தொட்டுருச்சே அண்ணே."

"அதுக்குப் பசி. அந்தோணியாருக்குத் தெரியாதா என்ன?"

இன்னொரு தடவை மலையில் ஒரு மலையாளத்து வீட்டம்மா வாங்கிப் போனார். போனபோது சதுரமாக இருந்தது. வந்தபோது ஐந்து மூலை இருந்தது. ஒரு மூலையை வெட்டித் தன் மகள் தாலிக்கொடியில் தாயத்தாகக் கட்டிவிட்டாராம். எனக்கே கோபம் வந்தது. அண்ணன் வெட்டுப்பட்ட இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "பரவால்லப்பா, சேச்சிக்கு ஆச இருக்காதா" என்று மடித்துப் பையில் வைத்தார். அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. "முழுசாப் போறதுக்குள்ள எனக்கும் ஒரு துண்டு வெட்டி வைங்க, அடுப்புல பாத்திரம் இறக்க ஆகும்" என்றார் அக்கா.

அந்த அக்காதான் போன மழைக்காலத்தில் படுத்துவிட்டார். வயிற்றுவலி என்று சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். டாக்டரிடம் காட்டும்போது நோய் முற்றிப்போயிருந்தது. மதுரை வரைக்கும் காட்டினார்கள். கடைசியில் டாக்டர், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணன் மட்டும் தெரியாதவர் மாதிரி இருந்தார்.

நான் பார்க்கப் போயிருந்த அன்றுதான் அக்கா கேட்டார். அத்தனை வருஷம் கிண்டல் பண்ணியவர், குரலே எழும்பாமல் கேட்டார்.

"ஏங்க, அந்தத் துணிய ஒருவாட்டி என் நெஞ்சுல வைங்களேன். பொழைக்கணும்னு கேக்கல. பயமா இருக்கு."

அண்ணன் பையைத் தொட்டார். பை காலி. கர்ச்சீப்பு அப்போது சிலமலை கிராமத்தில் ஒரு வீட்டில் இருந்தது. விவசாயக் குடும்பம், ரொம்ப நாள் கழித்து உண்டான பிள்ளை. குறைமாசத்தில் பிறந்துவிட்டது என்று அவசரமாக வாங்கிப் போயிருந்தார்கள்.

"வெரசா ஏறு அப்பு" என்றார் என்னிடம். ஜீப்பு சிலமலைக்குப் பறந்தது. வீடு பூட்டிக் கிடந்தது. எல்லோரும் தேனி ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்றார்கள். தேனிக்குப் போனோம். கேட்டு வாங்கமாட்டேன் என்ற மனிதர் கேட்கப் போகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது.

குழந்தைகள் வார்டுக்கு வெளியே அந்தச் சிலமலைக்காரர் நின்றிருந்தார். உள்ளே போக விடவில்லை போலிருக்கிறது. மூடியிருந்த கண்ணாடிக் கதவில் கர்ச்சீப்பை விரித்து வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் நெற்றியை வைத்திருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. அண்ணன் வராந்தாவின் இந்தக் கோடியிலேயே நின்றுவிட்டார்.

"போய்க் கேளுங்கண்ணே. ஒரு மணி நேரத்துல கொண்டாந்து குடுத்துருவோம். நான் வேணா கேக்குறேன்."

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்ப்பா. அவருக்கு இன்னும் சோலி முடியல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சாகக் கிடக்கிற பெண்டாட்டியை விடவா உங்கள் சட்டம் பெரிது என்று கத்தவேண்டும் போலிருந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் ஜீப்பை நிறுத்தி, ஒரு கடையில் அதே நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப்பு ஒன்று வாங்கினார். வாங்கிக் கசக்கினார். சீட்டில் போட்டுத் தேய்த்தார். பழசாக்குகிறாராம்.

வீட்டுக்கு வந்து அக்காவின் நெஞ்சில் அதை விரித்து வைத்தார். அக்கா கண்ணை மூடியபடியே விரலால் ஓரம் ஓரமாகத் தடவிக்கொண்டு போனார். காய் தரம் பிரித்த விரல்.

"நாலு மூலையும் இருக்கே" என்றார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க இருக்கு அது?"

"பச்சப்புள்ள ஒண்ணு, புஷ்பம். பொழைக்குமா தெரியல. அவன் கதவுல வச்சுப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். எப்படிக் கேக்குறது?"

"கேட்டீங்களா?"

"கேக்கல."

"அப்பச் சரி" என்றார் அக்கா. நெஞ்சில் கிடந்த துணியை எடுத்து அவரிடம் நீட்டினார். "இதுல மூக்கத் தொடைங்க மொதல்ல. சட்டையில தொடைக்காதீங்க."

கர்ச்சீப்பு அண்ணன் கர்ச்சீப்பில் மூக்கைத் துடைத்ததை அன்றுதான் பார்த்தேன். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அக்கா அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அந்த வாரமே அக்கா போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வாசலில் பந்தல்கூடப் பிரிக்கவில்லை. சிலமலைக்காரர் மனைவியோடு வந்து இறங்கினார். கையில் ஒரு தார் வாழைப்பழம். அந்தப் பெண்ணின் தோளில், துணிக்குள் துணியாக, அந்தப் பிள்ளை. பிழைத்துவிட்டது. பந்தலைப் பார்த்ததும் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். யாருக்கு என்ன என்று தெரியாமல் திகைத்தவர்களை அண்ணன்தான் எழுந்து போய்க் கூப்பிட்டார்.

"அண்ணே, இந்த நேரத்துல வந்துட்டோமே. துணிய ஒங்க கையில குடுத்துட்டுப் போயிரலாம்னு..."

"புள்ள பால் குடிக்குதா?" என்றார் அண்ணன்.

"நல்லாக் குடிக்குதுண்ணே."

"வெயிட்டு?"

"ஏறுது."

சொல்லிவிடலாம் என்று எனக்கு நாக்கு துடித்தது. உங்கள் கையில் இருந்த துணியைத்தான் அக்கா கேட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. சொல்லவில்லை. இன்றுவரைக்கும் அவர்களுக்குத் தெரியாது.

சிலமலைக்காரர் நீட்டிய கர்ச்சீப்பை அண்ணன் வைத்துக்கொள்ளவில்லை. குழந்தையின் போர்வை மடிப்புக்குள் திரும்பச் செருகிவிட்டு, "இன்னும் கொஞ்ச நாளு வச்சிருங்க, புள்ள தேறட்டும்" என்றார். பிறகு குழந்தையை வாங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணும் திருப்பிக் கேட்கவில்லை.

எனக்கு எலும்பிலும் நம்பிக்கை கிடையாது, துணியிலும் கிடையாது. மலைக்கு மட்டும் இன்னும் அதே ஜீப்பில்தான் போகிறேன். அண்ணன் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. காலையில் மற்றவர்களுக்கு முன்னால் போய், முன்சீட்டில் அவரை ஒட்டி இருக்கிற இடத்தைப் பிடித்துக்கொள்வேன். அவர் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் அவர் தோள் என் தோளில் வந்து இடிக்கும். நான் தள்ளி உட்காருவதில்லை.