கலப்பு நூல் தொடாத ஒத்தவாக்கியம்

காஞ்சிபுரத்தில் பைபிளை முழுசாக நம்பிய ஒரே கிறிஸ்தவர் ஒத்தவாக்கியம்தான். நாங்களெல்லாம் வசதிப்பட்ட பக்கங்களை மட்டும் நம்புகிறவர்கள்.

எந்தச் சொல் பைபிளில் எங்கே வருகிறது என்று காட்டும் தடிப் புத்தகத்துக்கு ஒத்தவாக்கியம் என்று பெயர். எங்கள் சபையில் அதை யாரும் வாங்கவில்லை, அவர் இருந்தார். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். முழங்கை வரை ஒரு வாரம் அரக்கு, ஒரு வாரம் நீலம். அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு போதகரின் பிரசங்கத்தின் நடுவே எழுந்துவிடுவார். "ஐயரே, அது ஏசாயா இல்ல, எரேமியா!" ஒருமுறை பிஷப்பே கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, எரேமியாதான் என்று ஒப்புக்கொண்டார்.

பட்டும் பருத்தியும் கலந்து நெய்கிற புடவைக்கு நூல் கொண்டுபோனால் தொடமாட்டார். கலப்பு நூல் துணி கூடாது என்று லேவியராகமத்தில் இருக்கிறதாம்.

"ஜரிகை மட்டும் கலக்கலாமாண்ணா?"

"அது வெள்ளிப்பா, நூலு இல்ல."

பாதி வியாபாரம் போயிற்று. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்போதுதான் ஓர் உதவி ஐயர் வந்தார். முப்பது வயது. யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் முதலில் போய் நிற்பவர். அவரை நிரந்தரமாக்கும் சமயத்தில் சபைக் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் மனம் ஆண்களைத்தான் நாடுகிறது, அதை மறைத்துக்கொண்டு பீடத்தில் நிற்க முடியாது என்று. சபையே பற்றிக்கொண்டு எரிந்தது.

கமிட்டி கூடியது. செயலாளர் பட்டு-பருத்திப் புடவைக் கடைக்காரர். ஒத்தவாக்கியத்தைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணா, நீங்கதான் வசனத்த எடுத்துக் குடுக்கணும். இந்த ஆளு இனிமே பீடம் ஏறக் கூடாது."

நீலக் கை பைபிளைத் திறந்தது. "இருக்குது. லேவியராகமம் பதினெட்டு."

செயலாளர் முகம் மலர்ந்தது.

"அடுத்த அதிகாரத்துல உன் கடைப் புடவையும் இருக்குது. இத்தினி வருஷமா சொல்லிக்கினு இருக்கேன், சிரிச்சிக்கினு இருந்தீங்க. உனக்குன்னா சிரிப்பு, அந்தப் புள்ளைக்குன்னா சட்டமா?"

"அது வேற, இது வேற" என்றார் செயலாளர். இந்த நாலு சொல்லை எந்த வேதத்திலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

உதவி ஐயரை அனுப்பிவிடலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். பத்துக் கைகள் உயர்ந்தன. ஒன்று என்னுடையது. அடுத்த ஞாயிறு என் மகளுக்கு முதல் ஓலை. அதாவது, கல்யாண அறிவிப்பைச் சபையில் வாசிக்க வேண்டும். அது செயலாளர் கையில் இருந்தது. கோழைத்தனத்துக்கு என்னிடம் எப்போதும் நல்ல காரணம் இருக்கும்.

உதவி ஐயர் ஊரைவிட்டுப் போனார். பஸ் ஸ்டாண்டு வரை அவருடைய பெட்டியைச் சுமந்தது ஒத்தவாக்கியம். வழியனுப்ப வேறு ஒரு ஈ காக்கை கூடப் போகவில்லை.

மறுநாள் சாயப் பட்டறைக்குப் போனேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். அவர் கொப்பரையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பொண்ணுக்கு இன்னா கலர் புடவ?"

"இன்னும் முடிவு பண்ணலண்ணா."

"நூல கொண்டாந்து குடு. நானே தோய்ச்சித் தரேன்."

"என்னத் திட்டுங்கண்ணா."

"போய் ரெண்டு டீ சொல்லுப்பா."

அவரை அண்ணா என்று கூப்பிட எனக்கு இனி தகுதியில்லை. ஆனாலும் கூப்பிடுகிறேன். இந்த ஊரில் எனக்கு அவரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?