ஏலக்காய் டப்பாவில் ஒரு பல்

மூன்று வயது குசையின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான் முந்திர். பக்கத்தில் ஏலக்காய் டப்பா திறந்து கிடந்தது. அதில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பன் அவிழ்ந்திருந்தது. டப்பாவில் ஒன்றுமில்லை.

"அக்காவோட பல்லு எங்கடா?"

"தின்னுட்டேன்," என்றான் குசை. அதை ஒரு குற்றமாகவே அவன் நினைக்கவில்லை. வாயில் புதினா வாசம் அடித்தது. இன்றைக்கென்று பார்த்துச் சொல்லாமலே பல் தேய்த்திருக்கிறான் போலிருக்கிறது. பாராட்டத்தான் நேரமில்லை.

முந்திர் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான். அவன் மனைவி அரீஜ் ஒரு புது வேலைக்கான நான்கு நாள் பயிற்சிக்காக அகபா நகருக்குப் போயிருந்தாள். கல்யாணமாகி எட்டு வருடத்தில் பிள்ளைகளை அவனிடம் தனியாக விட்டுப் போவது இதுதான் முதல் முறை. அவள் கிளம்பிய அன்றைக்கே, ஆறு வயது தாலாவுக்கு முதல் பல் பள்ளிக்கூடத்தில் விழுந்தது.

எங்கள் ஊரான இர்பித்தில் பிள்ளைகள் விழுந்த பல்லைச் சூரியனைப் பார்த்து எறிவார்கள். கழுதைப் பல்லை எடுத்துக்கோ, மான் பல்லைக் கொடு என்று தங்கள் வாயாலேயே கேட்பார்கள். கேட்டால்தான் புதுப் பல் முளைக்கும். பெரியவர்கள் யாரும் இதை மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை.

செய்தி கேட்டு அரீஜ் போனிலேயே அழுதுவிட்டாள். தான் வரும்வரை எறியவே கூடாது, முதல் பல், தான் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்று மகளிடம் சொன்னாள். பிறகு கணவனை வழக்கம்போல் ‘குசையின் அப்பா’ என்று அழைத்துப் பேசினாள்.

"அபூ குசை, உங்ககிட்ட வேற ஒண்ணும் கேக்கல. அந்தப் பல்லை மட்டும் பத்திரமா வெச்சிருங்க. அதைச் செஞ்சுட்டீங்கன்னா இந்த வேலைக்கு நான் தைரியமா சரின்னு சொல்லிடுவேன்."

தாலா உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ரிப்பன் கட்டிய டப்பா இருந்தது. அம்மா வரும்வரை யாரும் திறக்கக்கூடாது என்றாள்.

முந்திர் திறக்கவில்லை. பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள் பிரிவில் அவனுக்கு வேலை. ஊரார் குடைகளை வருடக்கணக்கில் காப்பாற்றுவான். சொந்தப் பொருள்தான் கையில் தங்காது. கல்யாண மோதிரம் போய் ஐந்து வருடமாகிறது. இந்த ஒரு டப்பாவையாவது காப்பாற்றிக் காட்ட வேண்டும் என்று அலமாரி உச்சியில் வைத்தான். குசைக்கு ஏறத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

உள்ளே போனது தானாக வெளியே வரும், பொறுங்கள் என்றார் கீழே மருந்துக் கடைக்காரர். முந்திருக்குப் பொறுமை ஏது? அத்திப்பழமாக வாங்கி வந்து பையனுக்கு ஊட்டினான். மறுநாள் மதியத்துக்குள் குசைக்கு ஏழு தடவை போய்விட்டது. ஏழு தடவையும் முந்திர் கையுறை மாட்டிக்கொண்டு டீ வடிகட்டியோடு உட்கார்ந்தான். போன வாரம் தொலைந்த அவனுடைய சட்டைப் பொத்தான் கிடைத்தது. பல் கிடைக்கவில்லை. வடிகட்டியைக் குப்பையில் போட்டான். அதற்கும் அரீஜிடம் ஒரு கதை சொல்லியாக வேண்டும். குசை மட்டும் இன்னொரு பல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

இரண்டாம் மாடியில் பல் டாக்டர் ஜவ்தத் இருந்தார். முந்திர் அவர் காலில் விழாத குறை. இதெல்லாம் செய்யக்கூடாத வேலை என்று சொல்லிக்கொண்டே டாக்டர் ஒரு பால் பல்லைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அதில் கறுப்பாக ஓர் ஓட்டை இருந்தது.

"நல்ல பல்லைப் பிடுங்க என்கிட்ட யாரு வர்றாங்க, அபூ குசை?"

முந்திர் அதைத் தாலா பார்க்காதபோது டப்பாவில் போட்டு ரிப்பனைக் கட்டி வைத்தான். அன்று சாயங்காலம் அரீஜ் வீடியோவில் வந்து பல்லைக் காட்டச் சொன்னாள். தாலா டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். பல்லைக் காட்டி நல்ல பெயர் வாங்கும் அவசரத்தில் முந்திர் அதைப் பிடுங்கி, திறந்து, போனுக்கு முன்னால் பிடித்தான்.

தாலாவின் முகம் வெளுத்துப்போயிற்று.

அதென்ன கறுப்பாக என்று அரீஜ் கேட்டாள். நிறைய இனிப்பு தின்றால் விழுந்த பிறகும் பல் சொத்தையாகும் என்றான் முந்திர். அவசரத்தில் சொல்லும் பொய்க்கு அளவு தெரிவதில்லை.

தாலா ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. சமாதானப்படுத்த ஓடிப்போய் குனாஃபா வாங்கி வந்தான். பாகில் மின்னிய அந்த இனிப்பைப் பார்த்ததும் அவள் எழுந்து போய், ஈறில் ரத்தம் வரும்வரை பல் தேய்த்தாள். பிறகு வந்து அவனருகே உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒருத்தர் பொய் சொன்னா சூரியனுக்குத் தெரியுமா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன்."

"தெரிஞ்சா என்ன பண்ணும்?"

முந்திர் குனாஃபாத் தட்டை மூடி வைத்தான். குழந்தைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, தன் பொய்யைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்தான். மகள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. மோதிரம் தொலைந்தபோதுகூட அவன் இவ்வளவு கூனிக் குறுகவில்லை. அரீஜ் வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது, அவள் வேலைக்குப் போகாவிட்டால் அது தன் பாவம் என்று முடிவு செய்தான்.

மறுநாள் மாலை அஸ்ர் தொழுகை முடிந்ததும் நால்வரும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். தண்ணீர்த் தொட்டிகளுக்கு அப்பால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பயணக் களைப்பிலும் அரீஜ் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள். பல்லைக் காப்பாற்றியதற்காகக் கணவனின் தோளில் ஒருமுறை தட்டிக்கொடுத்தாள். அது அவனுக்கு அறை வாங்கியதுபோல் இருந்தது.

எறியச் சொன்னார்கள். தாலா கையை மூடியபடியே நின்றாள்.

"அரீஜ், நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று முந்திர் ஆரம்பித்தான்.

அதற்குள் தாலா ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அப்பா, என் பல்லை அன்னிக்கே பள்ளிக்கூடத்துல எறிஞ்சுட்டேன். அம்மா அழுதாங்களேன்னு டப்பாவுல புதினா சூயிங்கம் வெச்சேன். சூரியன் ஏம்ப்பா என் பல்லை ஓட்டை போட்டுத் திருப்பி அனுப்பிருச்சு?"