டெய்சி கல்யாணத்துக்கு கிளாரன்ஸ் ஏன் வரவில்லை

மாரிகுப்பம்
12-6-1967

கர்த்தருக்குள் பிரியமான பாக்கியவதி அக்காவுக்கு, தம்பி கொர்னேலியஸ் தோத்திரம் சொல்லி எழுதுவது. நீங்களும் அத்தானும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே சுகம் என்று எழுதப் பேனா வரவில்லை.

உங்கள் மகள் கல்யாணத்துக்கு என் பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். உங்களிடம் காய்ச்சல் என்றேன், அத்தானிடம் வேலைக்கு இன்டர்வியூ என்றேன், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பல் பிடுங்கியிருக்கிறது என்றேன். அவர் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா என்று எனக்கு எப்படித் தெரியும். நீங்கள் மூவரும் கூடிப் பேசினால், காய்ச்சலோடு பல்லும் இல்லாமல் இன்டர்வியூவுக்குப் போனவனாக கிளாரன்ஸ் நிற்பான். ஆகையால் உண்மையை எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போடுங்கள்.

போன வருஷம் அவனை பெங்களூர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தது உங்களுக்குத் தெரியும். காதில் கேட்கிற குரல்களுக்கு நாளெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தவன், தினம் மூன்று மாத்திரையில் அமைதியானான். நான் கர்த்தரைத் துதித்திருக்க வேண்டும், அவன் வயிற்றைத்தான் பார்த்தேன். பத்து மாதத்தில் இரண்டு ஆள் ஆகிவிட்டான். ஏழு இட்லி தின்றுவிட்டு, "பசிக்குதுப்பா" என்பான். பக்கத்து வீட்டு கிருஷ்ணம்மா, "இன்னா மேஸ்திரி, சுரங்கக் கம்பெனி அரிசி பூரா உங்க வூட்டுக்குத்தானா?" என்பாள். நான் சாப்பாட்டு அலமாரிக்குப் பூட்டுப் போட்டேன். கல்யாணத்துக்கென்று தைத்த பேண்ட்டை டைலர் நாகேஷ் மூன்று தடவை பிரித்துத் தைத்துவிட்டு, "அளவு எடுத்தது இவருக்கா, இவரு தம்பிக்கா?" என்று கேட்டார். ஈஸ்டர் அன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டு நற்கருணைக்கு முழங்கால் போட்டான். பின்னால் தையல் விட்ட சத்தம் பீடம் வரை கேட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள், பெரியவர்கள் இருமினார்கள். அவன் எழுந்து என்னைத் தேடினான். அக்கா, அவன் வேறு யார் வீட்டுப் பிள்ளையோ என்பதுபோல நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன்.

மறுநாளே யாரையும் கேட்காமல் மூன்று மாத்திரையை ஒன்றாக்கினேன். டீயோடு கொடுப்பது நான்தானே. மூன்று வாரத்தில் கன்னம் இறங்கியது, இட்லி நாலாகியது. பேண்ட்டைப் பிடித்துத் தைக்க அவனோடு நாகேஷ் கடைக்கு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு தட்டைத் தள்ளிவிட்டான். "சோத்துக்குள்ள பேசறாங்கப்பா, தின்னா உள்ள வந்துருவாங்க" என்றான். அவனைக் கிருஷ்ணம்மாவிடம் விட்டுவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்து நான் பிரியாணி சாப்பிட்டேன், இரண்டு தடவை வாங்கி. திரும்பி வந்தபோது அவன் தண்ணீரைத் தவிர எதையும் தொட்டிருக்கவில்லை. கிருஷ்ணம்மா ஒவ்வொரு கவளத்தையும் முதலில் தான் தின்று காட்டிக்கொண்டிருந்தாள்.

மறுபடி பெங்களூருக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா, "மாத்திரை சரியா குடுத்தீங்களா?" என்றார். "கரெக்டா குடுத்தேம்மா" என்றேன். "அப்ப மருந்து கேக்கல, தலைக்குக் கரண்ட் வைக்கணும்" என்று எழுத ஆரம்பித்தார். கிளாரன்ஸ் உள்ளே எடை பார்க்கப் போயிருந்தான். "ஒண்ணுதாம்மா குடுத்தேன், குண்டாயிட்டான்னு" என்றேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். அவர் திட்டவில்லை. "அது தீனி ஆசை இல்லீங்க. இந்த மருந்து சிலருக்கு அப்படிப் பசி எடுக்க வைக்கும். எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். சர்க்கரை இருக்கிறதா என்று அவனுக்கு மூத்திரம் சோதித்தார்கள், இல்லை. கூட வந்தவருக்கும் பார்க்கலாம் என்று என்னிடமும் பாட்டிலைக் கொடுத்தார்கள். எனக்கு இருக்கிறது.

இப்போது மூன்று மாத்திரைதான். குரல்கள் அடங்கி வருகின்றன. அலமாரிக்குப் பூட்டு இல்லை. டாக்டரம்மா சொன்னபடி காலையில் இருவரும் ஊரிகம் ஸ்டேஷன் வரை நடக்கிறோம், எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது. மாத்திரையைக் குறைத்ததை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

டெய்சிக்கும் மாப்பிள்ளைக்கும் கர்த்தர் எல்லா நன்மையும் தருவாராக. அத்தானுக்கு என் தோத்திரம்.

இப்படிக்கு,
முகம் காட்ட வெட்கப்படும் தம்பி,
கொர்னேலியஸ்

பி.கு: கையெழுத்து நன்றாயிருக்குமே என்று விலாசத்தை கிளாரன்ஸை எழுதச் சொல்லிவிட்டுப் பசை எடுக்கப் போனேன். அதற்குள் முழுவதும் படித்துவிட்டான். "கிழிக்க வேணாம்னு அத்தைக்கு எழுதுங்க" என்கிறான். மாத்திரை விஷயம் அவனுக்கு முதல் நாளே தெரியுமாம். "மூணு இருக்கற எடத்துல ஒண்ணு இருந்தா தெரியாதாப்பா?" என்றான். பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன். "அந்த மூணு வாரம் என்கூட வெளிய வரச்ச சிரிச்சிக்கிட்டே வந்தீங்க. அதான் கேக்கல" என்றான்.