எட்டாம் நம்பர் காரைக் கழுவியது பற்றி அத்தானுக்கு

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் ஒரே மச்சினன் பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் வீட்டுக்காரியும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீங்களும் அக்காவும் அந்த அளவிலாவது சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லவும். இந்தக் கடிதத்தை நீங்கள் உட்கார்ந்து படிக்கவும். பதற ஒன்றுமில்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. இருந்தாலும் உட்கார்ந்தே படிக்கவும்.

நீங்கள் இருபத்தாறு வருஷம் முதலாளிக்குக் கார் ஓட்டி நல்ல பேரோடு ஓய்வு பெற்றவர். "என் மச்சினன் பஸ் டிப்போவுல வாட்டர் சர்வீஸ் பாத்தவன், கையில எடுத்த வேலைய விடமாட்டான்" என்று நீங்கள் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் என்னைத் தன் கார் ஷெட்டைப் பார்த்துக்கொள்ள வைத்தார். வேலையோடு பின்பக்கம் இரண்டு அறை வீடும் கொடுத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒற்றை அறையிலேயே காலம் தள்ளிய என் வீட்டுக்காரி, இப்போது ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு இன்னோர் அறையில் இருக்கும் என்னைக் கூப்பிடுகிறாள். கூப்பிட்டு ஒன்றும் சொல்வதில்லை. "சும்மாதான் கூப்பிட்டேன், அங்கேயே இருங்க" என்பாள். இந்த வீட்டையும் உங்கள் வார்த்தையையும் நான் எப்படிப்பட்ட பொருளாக நினைத்திருந்தேன் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவும் சொல்கிறேன்.

நீங்கள் இருந்தபோது முதலாளியிடம் ஓட்டுகிற கார் இரண்டுதான். நீங்கள் போனபிறகு அவர் ஓட்டாத கார்களாக வாங்க ஆரம்பித்திருக்கிறார். இப்போது பதினோரு கார் நிற்கிறது. உலகத்திலேயே விலை கூடியவை என்று புத்தகத்தில் படம் போடுவார்களே, அந்த ஜாதி. ஒன்றுக்குக் கதவு மேலே பார்த்துத் திறக்கும், கீழே நிற்கிறவன் மோவாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றின் பெயிண்டில் தங்கப் பொடி கலந்திருக்கிறதாம். மற்றொன்றைப் போல உலகத்தில் மொத்தம் மூன்றுதான் இருக்கிறதாம், மீதி இரண்டும் எங்கே என்று சொந்தக்காரர்களே சொல்லமாட்டார்களாம். ஷெட்டுக்குள் பெல்ட் போடக்கூடாது, பக்கிள் உரசிவிடும். மோதிரம், கடிகாரம், பேனா, சாவிக்கொத்து எதுவும் ஆகாது. பெல்ட் இல்லாமல் என் பேன்ட் நிற்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் இரண்டு மாதமாக ஒரு கையால் பேன்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உலகப் புகழ்பெற்ற கார்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். டயர் ஒரே இடத்தில் அமுங்கிவிடக்கூடாது என்பதற்காக வாரம் ஒருமுறை ஒவ்வொரு காரையும் ஒரு முழம் தள்ள வேண்டும். மணிக்கு நானூறு கிலோமீட்டர் போகும் என்று எழுதியிருக்கிற கார், என்னிடம் வாரத்துக்கு ஒரு முழம் போகிறது. நானும் ஏதாவது சொன்னேனா? சொல்லவில்லை.

இப்போது எட்டாம் நம்பருக்கு வருகிறேன். அது ஷெட்டின் கோடியில் நிற்கிற பழைய கார். யாரோ ஒரு டாக்டர் வாங்கி, கொஞ்ச நாள் ஓட்டி, தன் கொட்டகையில் விட்டுப் பூட்டிவிட்டாராம். ஐம்பத்திரண்டு வருஷம் கழித்துப் பூட்டை உடைத்து எடுத்து ஏலத்தில் விட்டார்கள். முதலாளி நாடு விட்டு நாடு போய் மற்றவர்களோடு மல்லுக்கட்டி வாங்கிவந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த விவரம். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணால் பார்த்ததுதான். அத்தான், அவ்வளவு அழுக்கை முப்பத்தொரு வருஷ சர்வீஸில் நான் பார்த்ததில்லை. சேற்றில் இறங்கி மூன்று நாள் கழித்து வந்த பஸ்கூட இதற்கு முன்னால் புதுசு. எனக்கு முன்னால் இருந்த ஆள் போகும்போது, "எட்டாம் நம்பருக்கு நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்" என்றுதான் சொன்னான். பண்ணத் துப்பில்லாதவன் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

சும்மாவும் நான் கை வைக்கவில்லை. அந்தக் காரைச் சுற்றி நாலு கம்பம் நட்டு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. எங்கள் டிப்போவில் மஞ்சள் கயிறு கட்டிய வண்டி என்றால் என்ன அர்த்தம்? கழுவவேண்டிய வண்டி, கழுவுகிறவரைக்கும் யாரும் எடுக்காதே என்று அர்த்தம். கயிற்றைப் பார்த்தால் என் கை தானாக ஹோஸைத் தேடும். அப்படியும் இரண்டு மாதம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். முதலாளி வெளியூர் கிளம்பும்போது, "திரும்பி வர்றப்ப பதினொண்ணையும் பாத்து எனக்கு முகம் கோணக்கூடாது" என்றார். பத்து என்று சொல்லவில்லை, பதினொன்று என்றார். சரி, எழுத்துமூலமாக ஏதாவது உத்தரவு இருக்கிறதா என்று காரைச் சுற்றி வந்தேன். பின் கண்ணாடியில் அந்தத் தூசி மேலேயே யாரோ விரலால் இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள்: "என்னைக் கழுவு." நீங்களே சொல்லுங்கள் அத்தான். இதற்கு மேல் ஒரு ஊழியனுக்கு என்ன வேண்டும்?

போன வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். ஹோஸ் அடிக்கவில்லை, வாளித் தண்ணீர்தான். மூன்று வகை துணி, மிருதுவான பிரஷ், சக்கரத்துக்குத் தனி வாளி, கதவு இடுக்குக்குப் பஞ்சு. உள்ளேயும் விடவில்லை, சீட், தரை, டேஷ்போர்டு பெட்டி எல்லாம் துடைத்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைசித் துணியைப் பிழிந்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். சாம்பல் நிறம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த கார் நீலம், அத்தான். விடிவதற்குச் சற்று முன் வானம் இருக்குமே, அந்த நீலம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வேலையைப் பார்த்து நானே கலங்கியது அன்றைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் அம்மா உள்ளே வந்தார். முதலாளியின் கடிதம், போன், சாவி எல்லாம் பார்த்துக்கொள்கிற அம்மாள், நீங்கள் இருந்தபோது இருந்தவர் இல்லை, இவர் புதியவர். காரைப் பார்த்தார்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"கழுவினேம்மா. ஒம்பது மணி நேரம்."

"அந்தத் தூசிக்குத்தாங்க காசே!"

ஓடிப்போய் ஏலக்காரர்கள் கொடுத்த பட்டியலை எடுத்துவந்து காட்டினார். தோல் அட்டை போட்ட பட்டியல். காரில் என்னென்ன அசலாக இருக்கிறது என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் படம். மூன்றாம் எண்: ஐம்பத்திரண்டு வருஷத் தூசி, கலைக்கப்படாதது. நான்காம் எண்: பானெட்டின் மேல் பூனையின் காலடித் தடம், பதினொன்று. ஐந்தாம் எண்: பின் கண்ணாடியில் டாக்டரின் மகள் சின்ன வயதில் விரலால் எழுதியது. இந்த மாதிரி கார்களுக்குத் துடைத்தால் விலை போய்விடுமாம், தொடாமல் அழுக்காக இருந்தால்தான் அது நிஜம் என்று நம்புவார்களாம். அப்படியானால் முப்பத்தொரு வருஷமாக நான் எத்தனை ஆயிரம் பஸ்ஸின் நிஜத்தைக் கழுவிவிட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஆபீஸ் அம்மா, "நான் இந்தப் பக்கமே வரலை, எதையும் பாக்கலை" என்று சொல்லிவிட்டுப் பட்டியலோடு போய்விட்டார்.

இதை உங்களிடம் மறைக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை நான் அந்தத் தூசியைத் திரும்பப் போட முயற்சி செய்தேன். வீட்டில் போய், "அலமாரிக்கு அடியில தூசி இருக்கா?" என்று கேட்டேன். என் வீட்டுக்காரிக்கு வந்ததே கோபம். "என் வீட்ல ஏது தூசி? யார் சொன்னா? நேத்துதான் பெருக்கினேன்!" ஒருவழியாகச் சமாதானம் பண்ணி, மொட்டை மாடியில் கூட்டி ஒரு டப்பா தேற்றி, அவளுடைய மாவுச் சல்லடையில் சலித்து, பொடியை எட்டாம் நம்பர் மேல் படியவைக்க ஸ்டாண்ட் ஃபேனைப் போட்டேன். ஃபேன் தலையை ஆட்டுகிற ஃபேன் என்பது போட்டபிறகுதான் தெரிந்தது. ஐந்து நிமிஷத்தில் மீதி பத்து காரும் தூசி, எட்டாம் நம்பர் மட்டும் கண்ணாடி மாதிரி நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பூனையையும் காலடித் தடத்துக்காகக் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தேன். அது பானெட்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. தங்கப் பொடி கலந்த காரின் கூரையில் ஏறிச் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டது. எழுப்பினால் நகத்தை ஊன்றும் என்று பயந்து அது தானாக எழுந்திருக்கிறவரை இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே பேன்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் பத்து காரையும் துடைத்தேன். துடைக்கும்போதுதான் எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது. கழுவியது தப்பு என்றால் தப்பு, அதற்காகப் பொய்த் தூசி போடுவதா? என்னை வைத்து நீங்கள் கொடுத்த வார்த்தையில் போய் அழுக்கைப் பூசுவதா? நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நேற்றுக் காலை முதலாளி வந்தார். நானே ஷெட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

"கழுவிட்டேங்கய்யா."

"எதுல?"

"தண்ணியிலதாங்கய்யா. ஷாம்பு ரெண்டு மூடி."

அவர் கத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். காரையே பார்த்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"இது நீலமா?" என்றார்.

"ஆமாங்கய்யா."

"வாங்கி மூணு வருஷம் ஆச்சு. எனக்குத் தெரியாது." பிறகு மெதுவாக, "அந்தத் தூசி மறுபடி வரும். அம்பத்திரண்டு வருஷம் ஆகும். எனக்கு இப்ப எழுபத்தொண்ணு" என்றார்.

"மன்னிச்சுருங்கய்யா, எங்க அத்தானைத் தப்பா நினைக்காதீங்க" என்றேன். அவர் எழுந்துபோய், ஆபீஸ் அம்மாவிடமிருந்து பட்டியலை வாங்கிவந்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். "மூணு, நாலு, அஞ்சு போயிடுச்சு. விடுங்க. மத்த அசலெல்லாம் இருக்கில்ல? வெள்ளிக்கிழமை மதிப்பீடு பண்றவர் வர்றார், ஒண்ணொண்ணா எண்ணிப் பாப்பார். மிச்சமெல்லாம் அப்படியே இருந்தா கார் தப்பிக்கும், நீங்களும் தப்பிச்சீங்க. இன்னும் ஒண்ணு குறைஞ்சாலும் வீட்டைக் காலி பண்ணிடுங்க. உங்க அத்தான்கிட்ட நான் பேசிக்கறேன்." நான் பட்டியலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எல்லாம் இருக்குங்கய்யா, ஒரு ஆணிகூட அசையலை" என்று சத்தியமாகச் சொன்னேன். கழுவினவன் நான்தானே, எனக்குத் தெரியாதா?

ஆகவே அத்தான், கண்டம் தாண்டியாயிற்று. வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, உங்கள் பேர் இருக்கிறது. முதலாளி உங்களுக்குப் போன் செய்தால் நீங்கள் ஒன்றும் தெரியாதவர்போல நிதானமாகப் பேசவும். இன்று மனசு லேசாக இருப்பதால்தான் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதினேன். அக்காவுக்கு என் நமஸ்காரம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும், தூசியில் எதையும் எழுதவேண்டாம் என்று சொல்லவும். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
மச்சினன்.

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன்னால், பொறுப்பான ஆள் என்று காட்டிக்கொள்ளப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். ஐந்துவரைக்கும்தான் முன்பு படித்திருந்தேன். மற்றதெல்லாம் சரியாக இருந்தது. பதினேழாம் எண்: டேஷ்போர்டு பெட்டியில் டாக்டரின் கடிதத்தாள்கள், ஆறு, எதுவும் எழுதப்படாதவை. எண்ணிப் பார்த்தேன். இரண்டு இருக்கிறது. மீதி நாலும் இப்போது உங்கள் கையில் இருக்கிறது, அத்தான். வீட்டில் வெள்ளைத்தாள் இல்லை, இது அங்கே யாருக்கும் உதவாமல் சும்மாதானே கிடக்கிறது என்று காலையில் எடுத்துவந்தேன். ஷெட்டில் பேனாவுக்கு அனுமதி இல்லாததால் நல்ல வேளையாகப் பென்சிலில் எழுதியிருக்கிறேன். நானே அழித்துவிடலாம், ஆனால் நான் தேய்க்க ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன், அது உங்களுக்கே தெரியும். தவிர, அழித்துவிட்டால் உங்களுக்கு எப்படி விஷயம் தெரியும்? ஆகையால் படித்து முடித்ததும் அக்காவிடம் கொடுத்து, மெத்தென்ற ரப்பரால் முதல் எழுத்திலிருந்து இந்த எழுத்துவரை அழுத்தாமல் அழிக்கச் சொல்லவும். ஓரத்து மஞ்சளை அழிக்கவேண்டாம், அது அசல். மடிக்காமல், இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, இதைக் கொண்டுவரும் பஸ் டிரைவரிடமே வியாழக்கிழமைக்குள் கொடுத்தனுப்பவும். தனியாகப் பதில் எழுதவேண்டாம். நாலு தாளும் வெறுமையாக வந்து சேர்ந்தால், நீங்கள் எல்லாரும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.