பொற்கூடை அங்காடியின் அளவற்ற அக்கறை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். இந்த உலகத்தில் நம்மேல் கலப்படமில்லாத அன்பு வைத்திருப்பது யார் என்று இன்றைக்கு முடிவாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் என்பீர்கள், பாதிரியார் என்பீர்கள். பாவம், விவரம் தெரியாதவர்கள். கடையில் சாமான் வாங்க வாங்கச் சேரும் புள்ளிக்குப் பரிசு தருவார்களே, அந்தப் புள்ளி அட்டைதான்!

இலோய்லோ நகரத்து ரொசெண்டாவிடம் 'பொற்கூடை' அங்காடியின் அட்டை இருந்தது. அவள் கணவர் அபுந்தியோவுக்குச் சர்க்கரை நோய். இடது காலில் ஒரு விரலை எடுத்தாகிவிட்டது. இனி இனிப்பைத் தொட்டால் பாதமே போகும் என்றிருந்தார் மருத்துவர். அன்றிலிருந்து ரொசெண்டா சர்க்கரையை வாசல்படி ஏற விடவில்லை. அவளுக்குத்தான் அந்தக் குறுஞ்செய்தி வந்தது:

"வாழ்த்துகள்! இனிப்பு டின் பால் நாற்பத்தொரு டின் வாங்கிய தங்கள் குடும்பம் 'இனிய இல்லம்' விருதுக்குத் தேர்வாகியுள்ளது."

கணவரைக் கையோடு இழுத்துக்கொண்டு 'வாடிக்கையாளர் நல்லுறவுப் பிரிவு'க்குப் போனாள்.

"யாரோ என் அட்டை நம்பரைத் திருடிட்டாங்க சார்!"

அதிகாரி வில்லாரூஸ் பயபக்தியோடு எழுந்து நின்றார். "திருட்டெல்லாம் இல்லீங்க மேடம். சார்தான் வாங்கினாரு. அநேகமா எல்லா செவ்வாய்க்கிழமையும். உங்க அட்டையிலதான்."

ரொசெண்டா மெல்லத் திரும்பினாள். "ஏன்யா, திருட்டுத்தனமா திங்கிறவன் என் அட்டையையா நீட்டுவே?"

"புள்ளி வீணாப் போயிடுமேன்னு..."

"புள்ளியா!"

"உனக்கு ஃபேன் வாங்கலாம்னு நெனச்சேன் ரொசி. இன்னும் முந்நூறு புள்ளிதான் வேணும்."

"நாற்பத்தொரு டின்னையும் எங்க வச்சுத் தின்னே?"

"பஸ் ஸ்டாப்புல. நின்னுக்கிட்டே."

"கால் போனப்புறம் எப்படி நிப்பே?"

அபுந்தியோ தலையைக் குனிந்துகொண்டார். "ஜூன் மாசம் விட்டுட்டேன், ரொசி. மூணு வாரம் கையால தொடலை. யார்கிட்ட சொல்றது? தின்னதே உனக்குத் தெரியாதே."

"எங்களுக்குத் தெரியும் சார்!" வில்லாரூஸ் நெகிழ்ந்துபோனார். "மூணு செவ்வாய் டின் பால் வாங்கலேன்னதும் எங்க கம்ப்யூட்டர் பதறிப்போச்சு. நாலாவது வாரம் நீங்க சோப்பு வாங்க வந்தீங்க பாருங்க, ரசீது அடியில 'உங்களுக்கு மட்டும், டின் பாலுக்கு மூணு மடங்கு புள்ளி'ன்னு அச்சடிச்சுக் குடுத்தோம். ஊர்ல வேற யாருக்கும் குடுக்கலை."

"அப்புறம்?" என்றாள் ரொசெண்டா.

"அன்னைக்கே ஆறு டின், மேடம்!" என்றார் அவர், அடக்கத்தோடு. "ரெண்டு பேரும் கொஞ்சம் ஒட்டி நின்னு சிரிங்க. விருதுக்குப் போட்டோ எடுக்கணும்."

கண்ணுகளா, உங்கள் வீட்டில் ஒருவர் ஒரு கெட்டதை விட்டுவிடப் பார்த்தால், கடைக்காரன் கண்ணில் படுவதற்கு முன்னால் அது உங்கள் கண்ணில் படட்டும். வீடு நிறைய, கை கால் சுகத்தோடு நீங்கள் எல்லோரும் நெடுங்காலம் வாழ வேண்டும்.