பாண்டியராஜ் எட்டை ஏற்றுப் பட்டியல் மீட்ட படலம்

வாழ்க வாழ்க! நெசவு நூற்கடை நாயகன், இருபுருவமும் ஒருபுருவமாய் இணைந்த வீரத்திருமுகத்தான், சட்டைப்பையிலே கணினி தரித்த முதற்பெருமகன், சங்கரன்கோவில் பாண்டியராஜ் வாழ்க! விக்கினம் தீர்க்கும் கடவுளரை முன்னே வணங்குவது பழைய காவிய மரபு. நாமோ ஒன்பது துளை ஒருபுறமும் ஒற்றை முள் மறுபுறமும் கொண்டு நீண்டு நெளியும் சீரியல் கேபிளை வணங்கித் தொடங்குவோம். அது கழன்றால் இந்தக் கதையே கிடையாது.

அந்த உள்ளங்கைக் கணினியின் பெருமையைச் சொல்ல ஒரு நாக்குப் போதாது. சிங்கப்பூர் மைத்துனன் கொணர்ந்தது. மூக்குக்கண்ணாடிக் கூடு அளவே ஆன மேனியும், மிளகு மணிபோல் பதித்த பொத்தான்களும், சாம்பல் நிறச் சிறுதிரையும் கொண்டது. இரண்டாயிரமாவது ஆண்டில் அப்படியொன்று நம் ஊரில் வேறெவரிடமும் இல்லை என்பதைப் பாண்டியராஜே வீடு வீடாகச் சொல்லி நிலைநாட்டியிருந்தார். அதனுள்ளே, இரண்டு மாதமாக, இரண்டே விரலால், ஆங்கில எழுத்தில் அவர் தட்டித் தட்டிச் சேர்த்தது என்ன தெரியுமா? வைகாசியில் நடக்கவிருந்த இளைய மகள் கோகிலாவின் கல்யாணத்துக்கு, நேரில் போய் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைக்கவேண்டிய முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டின் பட்டியல்.

வெறும் பட்டியல்தானே என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். மூத்தவள் கல்யாணத்தில் கரிவலம்வந்தநல்லூர்ச் சித்தப்பா வீடு ஒன்று விட்டுப்போனது. அந்தச் சித்தப்பா ஆறு வருஷமாக, பாண்டியராஜ் ஏறிய பஸ்ஸில் ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்கு வெயிலில் நிற்கிறார். இந்தத் தடவை ஒரு வீடு விடுபட்டாலும் மீசையை எடுத்துவிடுவதாகப் பாண்டியராஜ் மனைவி முன்னிலையில் சபதம் செய்திருந்தார்.

அத்தகு பெருநிதியத்தின் தலைமேல், சித்திரை மாதத்து வியாழக்கிழமை நண்பகலில், இடி விழுந்தது. திரையின் மூலையிலே பேட்டரிக் குறி கண்சிமிட்டிற்று! பேட்டரியை மாற்றலாமே என்பீர்கள். மாற்றும் நேரத்தில் நினைவைக் காக்கவேண்டிய பொத்தான் செல் எப்போதோ செத்துவிட்டது. அது மதுரைக்குப் போனால்தான் கிடைக்கும். கழற்றினாலும் போச்சு, கழற்றாவிட்டாலும் அரைமணியில் போச்சு. மறுநாள் வெள்ளிக்கிழமை, பத்திரிகை வைக்கத் தொடங்கும் நாள்.

"பேப்பர்ல எழுதுங்க, எழுதுங்கன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டியளா?" என்று மனைவி கனகலட்சுமி அம்மையார் முழங்கினார். அதற்குள் பாண்டியராஜ் கணினியை உள்ளங்கையில் ஏந்தி வாசலைத் தாண்டியிருந்தார்.

ஓடினார், ஓடினார், கடைக்கு அடுத்த கம்ப்யூட்டர் சென்டர்வரை ஓடினார்! அங்கே வீற்றிருந்தான் இப்ராஹீம், நான்கு கணினிக்கு அதிபதி, எட்டு ஆண்டாகப் பாண்டியராஜோடு காலை ஒரு டீயும் மாலை ஒரு டீயும் பகிர்ந்து பருகும் பக்கத்துக் கடைக்காரன். பட்டியலைத் தன் கணினிக்கு மாற்றிக்கொள்ள, கேபிளை எடுத்துச் சிறியதையும் பெரியதையும் பிணைத்தான். "அண்ணாச்சி, ரெண்டு பக்கமும் டெர்மினல் புரோகிராமைத் தொறக்கணும். நான் இங்கன என்ன போடுதனோ, அதையே நீங்களும் அங்கன போடுங்க. வேகம் ஒம்போதாயிரத்து அறுநூறு. டேட்டா பிட் எட்டு" என்று போர்விதி உரைத்துத் தன் திரையின் பக்கம் திரும்பினான்.

எட்டு! அந்தோ, எட்டு! வண்டி நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறதென்று புது ஸ்கூட்டரை எடுக்காமல் இரண்டு மாதம் நடந்தே திரிந்த பெருந்தகை, எட்டாம் தேதி எவருக்கும் நூல் நிறுத்துத் தராத நெறியாளர், தம் மகளின் மங்கலப் பட்டியலைச் சனியனின் எண்ணிலேறி அனுப்புவாரோ? பக்கத்திலேயே ஏழு இருந்தது. ஒருவருக்கும் தெரியாமல் ஏழை அழுத்திவிட்டு, நல்ல காரியம் செய்த நிம்மதியோடு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மூண்டது போர்! சிறுகணினி பொழிந்தது, பெருங்கணினி ஏற்றது. ஆனால் இப்ராஹீமின் திரையிலே தோன்றியவை பெயர்களா? கொக்கியும் கோடும் கொம்பு முளைத்த எழுத்துமாய், ஈயம் பூசாத பாத்திரத்தில் வைத்த குழம்புபோல் எல்லாம் கெட்டுத் திரிந்து வந்தன. கேபிளைத் திருப்பிச் செருகினார்கள். வேறு கேபிள் கொணர்ந்தார்கள். வேகத்தை இரண்டாயிரத்து நானூறாக்கினார்கள், முந்நூறாக்கினார்கள். கட்டைவண்டி வேகத்தில் வந்தபோதும் கொம்பு முளைத்த எழுத்தே வந்தது. "ஏலே இப்ராஹீம், ஒம் மெஷின்ல ஏதோ கோளாறுலே!" என்று பழியைத் தூக்கி எதிர்ப்பாசறைமேல் எறிந்தார் நம் நாயகர். நெஞ்சுக்குள்ளே மட்டும் சித்தப்பா அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்.

பேட்டரிக் குறி சிமிட்டுவதை நிறுத்தி, நிலையாக எரியத் தொடங்கிற்று. அது சாகப்போவதன் அடையாளம். இப்ராஹீம் பொறுமையிழந்து சிறுகணினியைப் பிடுங்கிப் பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி, இங்கன ஏழுன்னு கெடக்கு?"

"எட்டு ஆவாதுலே. கல்யாணக் காரியம்."

"நான் எட்டுல வாங்குதேன், நீங்க ஏழுல அனுப்புதிய. பொறவு எப்படிச் சேரும்? எட்டுப் போடுதியளா, இல்ல எல்லாத்தையும் தொலைச்சிட்டு நிக்கப் போறியளா?"

உலகம் ஒருகணம் நின்றது. ஒருபுறம் சனி, மறுபுறம் முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டின் கோபம். கோமதியம்மன் கோவில் இருக்கும் திசை நோக்கி ஒரு கும்பிடு போட்டு, கண்ணை இறுக மூடி, சுடுசட்டியைத் தொடுபவர்போல் விரலை நீட்டி, அமுக்கினார் எட்டை!

பொழிந்தது பெயர்மாரி! புளியங்குடி எலுமிச்சை மண்டி ஆறுமுகச்சாமி வந்தார், குருவிகுளத்து இசக்கித்துரை குடும்பத்தோடு வந்தார், பேச்சிராஜ் வந்தார், ஞானபூரணம் டீச்சர் வந்தார். ஒரு கொம்பில்லை, ஒரு கொக்கியில்லை. இருநூற்று நாற்பதாவதாய்க் கரிவலம்வந்தநல்லூர்ச் சித்தப்பா வந்திறங்கியபோது பாண்டியராஜின் கண் நிறைந்தேவிட்டது. கடைசி வீடு வந்து சேர்ந்த அடுத்த நொடி, கடமை முடித்த களைப்போடு, உள்ளங்கைக் கணினி கண் மூடிற்று. "வந்துட்டு அண்ணாச்சி, அத்தனையும் வந்துட்டு!" என்று கூவி இப்ராஹீம் பிரிண்டரைத் தட்டினான்.

கரகரவென்று முரசறைந்தது பிரிண்டர். வெற்றித் திருமகள் நூற்கடை வாசலில் நின்றாள். பாண்டியராஜ் நாலு கடைக்கும் டீயும் வடையும் சொல்லியனுப்பி, எதிர்ப்பட்டவரையெல்லாம் மார்தழுவி, "ஒத்த வீடு விடல வே, ஒத்த வீடு!" என்று மேலரத வீதிக்கும் கீழரத வீதிக்கும் கேட்கும்படி பேரறிக்கை செய்தார். காகிதச் சுருளை அள்ளியெடுத்த இப்ராஹீம், தான் மீட்டுத் தந்த செல்வத்தைத் தானே முதலில் காணும் உரிமையோடு, முதல் வரி தொட்டு விரல் வைத்து இறங்கினான். கடைசி வரிக்கு வந்தவன், மறுபடி முதலிலிருந்து இறங்கினான். பிறகு காகிதத்தை மடித்துப் பாண்டியராஜ் கையில் கொடுத்துவிட்டு, டீயை வாங்கிக்கொண்டு தன் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தான்.

முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டில் இப்ராஹீம் வீடு இல்லை.